மாமா வாயசைத்தார், நான் கத்தினேன்

கல்கத்தாவில் கரியாஹாட்டில் இறங்கி, காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் என் கடை வாசலில் வந்து நிற்பீர்கள். பெயர்ப்பலகையைத் தேட வேண்டியதில்லை. டீ குடிக்கிற ஊரில் காப்பிப்பொடியா என்று சிரித்தவர்கள் எல்லாரும் பிற்பாடு அந்த வாசலில் வரிசையில் நின்றவர்கள்தான். அதற்கு முன்னால் ஹவுரா ஸ்டேஷனிலிருந்து அப்பளக் கூடையையும் வடகத் தகரத்தையும் தலையில் சுமந்து தமிழ் வீடுகளாகத் தேடித் தேடிப் போட்டிருக்கிறேன். லேக் கார்டன்ஸில் வீடு கட்டும்போது தோண்டின குழியெல்லாம் தண்ணீர் ஊறியது. மேஸ்திரி கையை விரித்துவிட்டுப் போனான். வேறு மேஸ்திரியை வைத்துக் கட்டினேன், இன்றைக்கும் ஒரு கீறல் கிடையாது. யுத்தத்தில் குண்டு விழும் என்று பாதித் தமிழர்கள் மெட்ராஸ் மெயிலில் தொற்றிக்கொண்டு ஓடியபோது நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு இடமில்லை என்றார்கள். கூடம் ஒன்று கட்டிக் கொடுத்தேன்.

இத்தனையும் செய்தவன் என்ன படித்தான் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்து படித்ததே கிடையாது. நின்றிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மலருக்கு எழுதச் சம்மதித்தேன். பவானிபூர்த் தமிழ்ப் பள்ளிக்கூடம் எப்படிப் பிழைத்தது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். நேரில் இருந்தவன் நான்.

பவானிபூரில் எங்களுடையது ஒரு சந்து வீடு. மாடியில் பெரியப்பா குடும்பம், கீழே நாங்கள். பெரியப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய குமாஸ்தா. அந்தப் பேட்டையில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அவர் இருமினால்கூட அது உத்தரவு மாதிரி இருக்கும். அவருக்கு ஒரு பெருங்கவலை இருந்தது. நாங்கள், பிள்ளைகள், தெருவில் வங்காளியில் சண்டை போட்டு, வங்காளியில் சமாதானமாகி, வீட்டுக்குள் வந்தும் அம்மாவிடம் அதிலேயே சோறு கேட்டோம். தமிழ் எழுத்து என்பது எங்களுக்கு ஊரிலிருந்து வரும் பஞ்சாங்கத்திலும் காலண்டரிலும் மட்டும் இருக்கிற ஏதோ கோலம். கடைப் பலகை, டிராம் வண்டி எதிலும் அது கிடையாதே!

ஆகவே பெரியப்பா எங்கள் வீட்டின் முன்னறையில் பள்ளிக்கூடம் ஒன்று வைத்தார். வாத்தியார் கும்பகோணத்திலிருந்து வருவதற்குத் தாமதமாயிற்று. அதுவரைக்கும் என் மாமாவை உட்கார வைத்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. வேலை தேடிக் கல்கத்தா வந்தவர். அவருக்குத் திக்குவாய். பெரியப்பா அவரைத் தம் ஆபீசுக்கு அழைத்துப் போய் துரைக்கு முன்னால் நிறுத்தினார். துரை பெயரைக் கேட்டார். மாமா தம் பெயரின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றார். துரை கடிகாரத்தைப் பார்த்தாராம். அவ்வளவுதான். அன்று திரும்பி வந்த மாமா கோட்டைக் கழற்றி மடித்து வைத்தவர், பிறகு அதைப் போட்டுக்கொண்டதே இல்லை. ஊருக்குத் திரும்பினால் அண்ணன் வீட்டில் மாடு பார்த்துக்கொண்டு, அண்ணியின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டும். அது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்தக் காலத்துப் படிப்பு எப்படி என்றால், எழுத்துக்கெல்லாம் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆனா, ஆவன்னா, இம்மன்னா, மாவன்னா. 'அம்மா' என்று படிப்பதற்கு ஆனாவையும் இம்மன்னாவையும் மாவன்னாவையும் மூன்று பெரிய மனிதர்களைப் போல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அதற்குள் அம்மா என்பது மறந்தே போய்விடும். பிள்ளைகள் எல்லாவற்றையும் உருப்போட்டு ராகமாகப் பாடுவார்கள். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாலும் பாட்டு நிற்காது.

மாமாவால் ராகம் போட முடியாது. அவர் வேறு வழி வைத்திருந்தார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கொஞ்ச நாள் இருந்தபோது பார்த்ததாம். எழுத்தின் பெயர் வேண்டாம், அதன் சத்தம் மட்டும் போதும். உதட்டை மூடி முனகினால் 'ம்'. வாயைத் திறந்தால் 'ஆ'. இரண்டையும் ஒட்டினால் 'மா'. பெயர் தெரியாவிட்டாலும் சத்தம் தெரிந்தால் எந்தச் சொல்லையும் உடைத்துப் படித்துவிடலாம். ஆனால் அந்தச் சத்தத்தைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் காட்டுவது? மாமா ஆரம்பித்தால் 'ம்' நின்ற இடத்திலேயே நிற்கும்.

அங்கேதான் நான் வருகிறேன்.

எனக்கு அந்த வயதிலேயே சந்து முழுக்கப் பெயர் இருந்தது. மீன்காரன் மாதிரிக் கூவுவேன், டிராம் மணி மாதிரி அடிப்பேன். பக்கத்துப் பாடசாலையில் பண்டிதர் தும்முவதை அவர் தும்முவதற்கு முன்னாலேயே தும்மிக் காட்டியதற்காக என்னை வெளியே அனுப்பியிருந்தார்கள். என் தொண்டை அப்படி. ஒருநாள் நான் மீன்காரனைக் கூப்பிட்டு ஏமாற்றிக்கொண்டிருந்ததை மாமா வாசலில் நின்று கேட்டார். மறுநாள் என்னை ஒரு முக்காலியின் மேல் ஏற்றிவிட்டு, என் கழுத்தில் சணல் கயிறு கட்டிய பலகையைத் தொங்கவிட்டார். அதில் ஒரு எழுத்து. பிள்ளைகள் என் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். மாமா அவர்களுக்குப் பின்னால், கடைசிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். சத்தம் இல்லாவிட்டால் அவருக்குத் திக்குவதில்லை! நான் அவர் உதட்டைப் பார்த்து அந்தச் சத்தத்தைப் போட்டேன். பிள்ளைகள் என் நெஞ்சில் தொங்கிய எழுத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள்.

அப்புறம் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் 'ம்' என்று உதட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பேன். ஐந்து வயதுத் தங்கை 'ஆ' எழுதிய பலகையோடு வாயைப் பிளந்துகொண்டு கோடியிலிருந்து நடந்து வருவாள். அவள் கை என் மேல் பட்டதும் கும்பல் முழுதும் 'மா!' என்று கத்தும். உயிர் வந்து மெய்யைத் தொட வேண்டும், அதுதான் விளையாட்டு. நான் எப்போதும் மெய். இடத்தை விட்டு அசைய மாட்டேன். உயிர்கள் எல்லாம் என்னைத் தேடி வரும். அந்தப் பலகையை நான் ஒரு பதக்கம் மாதிரி சுமந்தேன். மாமா எழுத்தை மாற்றி மாற்றி எழுதித் தொங்கவிடுவார், என்ன எழுதினார் என்று குனிந்து பார்க்க எனக்கு நேரம் ஏது? கண் முழுக்க மாமாவின் உதட்டில் அல்லவா!

வினை வீட்டில் வந்தது. தங்கை சாப்பிட உட்கார்ந்தால், டப்பாவில் மாமா எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து "ப்... ப... பரு... ப்... பு" என்பாள். தபால் இலாகாக்காரர் வீட்டுப் பையன் காலண்டரைப் பார்த்து "தி... ங்... க... ள்" என்பான். சந்தில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரே முனகலும் விக்கலும். பக்கத்து வீட்டு மாஸிமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஓ மா! கீ ஹொலோ?", என்ன ஆயிற்று என்று பயந்துபோய்க் கேட்டாள். ஒருநாள் பெரியப்பா மாடிப்படியில் இறங்கி வரும்போது தங்கை பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு "க்... கா... ர்... த்..." என்று தவித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

"ஐயையோ! பிள்ளைக்கும் ஒட்டிக்கிச்சா?"

அன்று மாலைக்குள் பேட்டை முழுவதும் செய்தி பரவியது. வாத்தியாருடைய திக்குவாய் பிள்ளைகளைத் தொற்றிக்கொண்டது! தாய்மார்கள் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து எங்கள் நாக்கிலெல்லாம் தேய்த்தார்கள். பேச்சு வராத குழந்தைக்குப் பேச்சு வரச் செய்கிற மருந்து அது. எனக்குத் திக்கல் இல்லவே இல்லை. இருந்தாலும் சந்தேகத்துக்கு இரண்டு தேய்ப்பு. மறுநாள் வகுப்பே துப்பிக்கொண்டிருந்தது. மாமா ஒவ்வொரு பிள்ளையின் நாக்கையும் பார்த்தார். எழுத்தை எழுதி என் கழுத்தில் மாட்டிவிட்டுப் பின்சுவருக்குப் போய்விட்டார்.

பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கும்பகோணத்து வாத்தியாருக்குக் கடிதம் போயிற்று. சரஸ்வதி பூஜையோடு சரி, விஜயதசமிக்கு அடுத்த நாள் மாமாவுக்கு ரயில். "கோவிச்சுக்காதே தம்பி, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லே. பிள்ளைங்க வாய் கெட்டுப் போவுது பாரு" என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா பெரியப்பாவுக்கு நேரே நின்று ஒரு வார்த்தை பேசியவள் அல்ல. அவர் கீழே வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அடுப்படியில் அவள் தம்பியின் வேட்டியைத் துவைத்து, மறுபடி எடுத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. வெளியே துர்கா பூஜையின் டாக் மேளம் சந்து முழுவதையும் குலுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் பேட்டைத் தமிழர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். எழுத்துள்ள எதையும் அன்றைக்குத் தொடக்கூடாது, படிக்கக்கூடாது; உங்களுக்குத் தெரியும். புத்தகம், பலகை, பெரியப்பாவின் பேனா உட்பட எல்லாம் அம்மன் படத்துக்கு முன்னால் பட்டுத் துணிக்கு அடியில் இருந்தன. கற்பூரம் காட்டினது மாமாதான். காட்டிவிட்டு நிலைப்படியோரம் ஒதுங்கி நின்றார். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புது வாத்தியார் வருகிற செய்தியைச் சொல்லத் தொடங்கினார்.

பொரிகடலை கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. வந்த கூட்டத்துக்கு இலைத் தொன்னை போதவில்லை. பெரியவர்களோடு தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரைக் கேட்பது? அடுப்படிக்கு ஓடினேன். ஊரிலிருந்து வந்த அப்பளக் கட்டைச் சுற்றியிருந்த தமிழ்ப் பத்திரிகைத் தாள் மூலையில் கிடந்தது. கிழித்தேன், பொட்டலம் மடித்தேன், ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒரு வியாபாரியின் மூளை எனக்கு அன்றைக்கே இருந்தது.

தங்கை பொரியை அடிவரைக்கும் தின்று தீர்த்துத் தாளைப் பிரித்தாள். பெரியப்பா, "பிள்ளைகளோட எதிர்காலத்தை உத்தேசிச்சு..." என்று பேசிக்கொண்டிருக்கிறார். அந்த அமைதியில் அவள் குரல் கிளம்பியது.

"வ... ழு... க்... கை... வழுக்கை... த்... த... லை..."

பெரியப்பா பேச்சை நிறுத்தினார். அவருடைய தலை, சொல்ல வேண்டியதில்லை, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

"யாருடி உனக்கு இந்தக் கிண்டல் சொல்லிக் கொடுத்தது?"

"நான் சொல்லலே பெரியப்பா. தாள்ல இருக்கு. வழுக்கைத் தலையிலும் மு... டி... முடி வளரும்."

பெரியப்பா தாளைப் பிடுங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஒரு கூந்தல் தைலத்தின் விளம்பரம். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து அதில் இருந்தது. யாரும் அவளுக்கு உருப்போட்டுக் கொடுத்திருக்க முடியாத வரி. ஆனால் பெரியப்பா லேசில் விட்டுக் கொடுக்கிறவரா?

"சரஸ்வதி பூஜை அன்னிக்குப் படிக்கிறதா? கத்துக்கிட்டதெல்லாம் பறந்து போயிடும், தெரியுமா?"

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் அம்மாவின் குரல்தான் என்று அடையாளம் தெரியவே எங்களுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"அவ எங்கேங்க படிச்சா? திக்குதுங்க. நீங்கதானே சொன்னீங்க. வசம்பு தேய்க்கட்டுங்களா?"

பெண்கள் பக்கத்தில் யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குள் மற்றப் பிள்ளைகளும் பொரியைத் தரையில் கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்துவிட்டார்கள். ஒருவன் "நெ... ல்..." என்கிறான், இன்னொருத்தி "ம... ழை..." என்கிறாள். அறை முழுக்க விக்கல். "வேணாம்டா, இன்னிக்குப் படிக்கக் கூடாது!" என்று தாய்மார்கள் பிடுங்கப் பிடுங்கப் பிள்ளைகள் கையை உயர்த்திப் படிக்கிறார்கள். "நான் படிக்கலேம்மா, அதுவா வாயில வருது!" என்று ஒருவன் அழுதேவிட்டான். தபால் இலாகாக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, எம் பையன் ஊர்ப் பேரைப் படிக்கிறான்யா. மாயவரம்னு படிக்கிறான்" என்றார். சொல்லிவிட்டு மாமா நின்ற பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

மாமா கற்பூரத் தட்டை இன்னும் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அது எப்போதோ அணைந்திருந்தது.

பெரியப்பாவுக்கு என்னதான் வழி? சுற்றிப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். "நீ படிடா" என்றார். என் கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. நான் வழக்கப்படி மாமாவின் உதட்டைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. தாள் என் கையில், அவர் வாசலில், எப்படி அசையும்? நான் அதற்கெல்லாம் அசருகிறவனா? தாளை முகத்துக்கு நேரே பிடித்து, "தஞ்சாவூரில் நல்ல மழை! ஆறு குளமெல்லாம் நிரம்பி வழிகிறது! நெல் விளைச்சல் அமோகம்!" என்று தெரு வரைக்கும் கேட்கக் கத்தினேன். ஒரு திக்கல் இல்லை, ஒரு இடறல் இல்லை.

"சபாஷ்! பார்த்தீங்களா, இதில்லே படிப்பு!" என்று பெரியப்பா என் முதுகில் தட்டினார். "எல்லாப் பிள்ளைங்களும் இப்படி ஆயிடுவாங்க. ஆரம்பத்துல கொஞ்சம் திக்கும். எனக்கு அப்பவே தெரியும். இந்தத் தம்பியைப் பார்த்துத் தேடிப் பிடிச்சு வச்சதே நான்தானே!"

அப்படித்தான் மாமா தங்கினார். கும்பகோணத்துக்குத் தந்தி போயிற்று. மாமா சாகும் வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார். இன்று முன் மண்டபத்துக் கல்லில் ஸ்தாபகர் என்று பெரியப்பாவின் பெயர் இருக்கிறது. முதல் ஆசிரியர் மாமா. முதல் மாணவி என் தங்கை. அவளே பிற்பாடு அங்கே தலைமையாசிரியை. நல்லது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

என் வருத்தமெல்லாம் மறுநாள் நடந்ததுதான். விஜயதசமி. புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் வாழ்த்த, நான் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராகப் போய் முக்காலியில் ஏறி நின்றேன். மாமா வந்தார். என் கழுத்திலிருந்து பலகையைக் கழற்றினார். என் தோளைப் பிடித்து இறக்கி, முதல் வரிசையில், தங்கைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார வைத்தார். முக்காலி மேல் வேறு ஒரு பையனை ஏற்றினார். நேற்று ஊரே மெச்சின என்னை! எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முதல் தடவையாக, வாயை அசைப்பதோடு நிற்காமல் சத்தத்தோடு பேச ஆரம்பித்தார். "நீ... நீ... எ... எ..."

அவர் முடிக்கிற வரைக்கும் நான் இருக்கவில்லை. எழுந்து ஓடிவிட்டேன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் அப்புறம் எதற்கு அந்த வாசலை மிதிக்க வேண்டும்? அம்மா அடித்தாள், அப்பா கெஞ்சினார், நான் திரும்பிப் போகவில்லை. பிற்பாடு கூடை சுமந்த காலத்தில், அப்பளத் தகரங்களின் மேல் இருந்த எழுத்தை ஹவுரா பாலத்தில் நடந்துகொண்டே நானாக உடைத்து உடைத்துப் படித்துக்கொண்டேன். ம் என்றால் உதட்டைப் பூட்டு, ஆ என்றால் திற. சத்தமெல்லாம் என்னிடமே இருந்தது. எது எந்த எழுத்து என்பதுதான் பாக்கி.

போன வருஷம் தங்கை என் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் சொன்னாள்: "நீங்க ஓடிப் போனப்புறமும் மாமா நிறுத்தலே, அண்ணே. காலி இடத்தைப் பார்த்துக்கிட்டு முழுசா சொல்லி முடிச்சார்."

"என்ன சொன்னார்?"

"'நீ எப்பதான்டா படிக்கிறது?'ன்னார்."

ஊருக்கெல்லாம் அவர் வாயைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கென்று அவர் சொல்ல வந்த அந்த ஒரு வாக்கியத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று எட்டு வயதில் யாருக்குத் தெரியும்?

ஆனாலும் கணக்கு கணக்குதான். அந்தப் பிள்ளைகள் காதில் விழுந்த முதல் தமிழ் எழுத்து என் தொண்டையிலிருந்து வந்தது. பொட்டலம் மடித்த தாள் நான் கிழித்தது. ஆகவே நிர்வாகக் குழுவினர் தயவுசெய்து கவனிக்கவும். அந்தக் கல்லில் ஸ்தாபகருக்குக் கீழே இடம் இருக்கிறதோ இல்லையோ, மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 'ஆசிரியர்' என்று அவர் பெயர் இருக்கட்டும். 'குரல்' என்று என் பெயரைப் பொறியுங்கள். எழுத்தைப் பெரிதாகவே வெட்டச் சொல்லுங்கள். நானே வந்து, எல்லார் முன்னாலும், வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். திக்கினால் திக்கட்டும்.